எனக்கு டப்பா கட்டிய வீடுகள்

வெண்ணெய் தடவிய பிரெட்டின் மேல் சர்க்கரையைத் தூவி மூடி வைத்தால், மத்தியானத்துக்குள் பாதி கரைந்து பிரெட் ஈரமாகிவிடும். கரையாத மீதி பல்லுக்கடியில் நறநறக்கும்...

ஒன்றாம் வகுப்பில் ரொம்ப நாள் அதுதான் என் லஞ்ச்.

அப்போது மராத்தி பேசும் ஊரான தேஹு ரோடில், குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே ராணுவ டிப்போவில் வேலை. அம்மா பிரசவத்துக்கு வேலூர் போன இடத்தில், படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் மாதக்கணக்கில் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்.

அப்பாவுக்குச் சமையல் என்றால் டீ. கொஞ்சம் முயன்றால் சாதம். அதோடு சரி.

காலையில் டீயில் தோய்த்த பிஸ்கட், மத்தியானம் சர்க்கரை பிரெட், சாயங்காலம் பேக்கரி க்ரீம் ரோல். ராத்திரி தயிர்சாதத்துக்கும் தொட்டுக்கொள்ள சர்க்கரைதான். சிரிக்காதீர்கள்... எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? நான் ராணி மாதிரி இருந்தேன். வகுப்பே என் டப்பாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டது.

கொஞ்ச நாளில் ராணி சோர்ந்துபோனாள். லஞ்ச் முடிந்ததும் டெஸ்க்கில் கவிழ்ந்து தூங்கிவிடுவேன். பி.டி. பீரியடில் ஓட முடியவில்லை. கடைவாய்ப் பல் வேறு விண்விண்ணென்று வலித்தது.

டீச்சர் அப்பாவை வரச் சொன்னார். திட்டவில்லை. என் டப்பாவைத் திறந்து காட்டி, "வயிறு நிறைகிறது, உடம்பில் எதுவும் சேரவில்லை" என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் அப்பா சொன்னார்.

"உன்ன ஊருக்கே அனுப்பிடறேன் பாப்பா. என்னால ஆவாது. அங்க போனா ஒழுங்கா சாப்புடுவ."

பள்ளிக்கூடம் போய்விடும், ஒரு வருஷம் வீணாகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பா இல்லாத வீட்டில் இருக்க வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. "வேணாம்ப்பா... வேணாம்ப்பா" என்று அழுதுகொண்டே இருந்தேன்.

மறுநாள் டிப்போவில் நடந்ததைக் கதம் அங்கிள் பிற்பாடு ஆயிரம் தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். அப்பாவின் செக்‌ஷன்காரர், சத்தம் அதிகம், மனசு அதைவிடப் பெரிசு.

மத்தியானம் செக்‌ஷன் ஆட்கள் எல்லாரும் தரையில் பேப்பர் விரித்து, டப்பாக்களை நடுவில் வைத்துச் சேர்ந்து சாப்பிடுவார்கள். அம்மா ஊருக்குப் போனதிலிருந்து அப்பா வெறுங்கையோடுதான் போவார். ஆளுக்கொரு பக்கமிருந்து அவர் தட்டை நிரப்பிவிடுவார்கள். சோள ரொட்டியான பாக்ரி, கத்திரிக்காய், மீன், முளைகட்டிய பயறு உசள்...

அன்று அப்பா தட்டில் கை வைக்கவில்லையாம். என்ன என்று கேட்டதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம். "நான் இங்க எல்லார் வீட்டுச் சாப்பாடும் சாப்பிடறேன். என் பொண்ணு அங்க சக்கரை தின்னுக்கினு இருக்குது."

"அரே பாகல்! பஹலே க்யோங் நஹீ போலா?" பைத்தியமே, இதை முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கதம் அங்கிள் கத்திய கத்தலில் பக்கத்து செக்‌ஷனே எட்டிப் பார்த்ததாம்.

அடுத்த நாள் காலை ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன். கதம் அங்கிள் சைக்கிளில் வந்து இறங்கி, துணியில் கட்டிய ஒரு சின்ன டப்பாவை என் பையில் வைத்தார். உள்ளே பாக்ரி, உசள், ஒரு பிடி வேர்க்கடலை.

பயறில் வால் முளைத்திருந்ததைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நேராக டீச்சரிடம் எடுத்துப் போனேன். அவர் சிரித்து, தானே ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டி, முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் அழுதுகொண்டே தின்றேன்.

அப்புறம் செக்‌ஷன் ஆட்கள் எல்லாரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் மலையாளிகள் வீட்டுப் புட்டும் கடலையும், ஒரு நாள் பஞ்சாபி வீட்டு முள்ளங்கிப் பராட்டா, ஒரு நாள் தெலுங்கு வீட்டுப் பருப்பும் கீரையும். சமைத்த கைகளில் பாதியை நான் பார்த்ததே இல்லை.

டப்பாவைக் காலியாகத் திருப்பித் தர அப்பாவுக்கு மனசு வரவில்லை. கொண்டைக்கடலையை ஊறப்போட்டுச் சுண்டல் செய்யக் கற்றுக்கொண்டார். முதல் தடவை உப்புக் கரித்தது. கதம் அங்கிள் வீட்டில் அதையும் சாப்பிட்டார்கள், பாவம்.

வேலூர் போகும் பேச்சு அதன் பிறகு எழவே இல்லை. அம்மா தம்பியோடு திரும்பி வந்த அன்று நான் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஓடிப்போய் அவர் மேல் விழுந்தேன். ஓடினேன் என்பதுதான் விஷயம்.

இப்போது என் மகன் ஒன்றாம் வகுப்பு. நாங்கள் இருப்பது அதே பக்கத்தில், வாகட் என்ற இடத்தில். பிறந்தநாளுக்குக்கூட சாக்லேட் கொண்டுவரக் கூடாது என்று அவன் ஸ்கூலில் சொல்லியிருக்கிறார்கள். கடையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி, எவ்வளவு சர்க்கரை என்று படித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். நல்லதுதான். ஆனால் டப்பாவை யாரோடும் பகிரக் கூடாது என்றும் ஒரு ரூல். அலர்ஜி பயம், புரிகிறது... இருந்தாலும் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. நான் வளர்ந்ததே பிறர் டப்பாவில்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடும்போது இந்தக் கதையை மகனிடம் சொல்லி, தாத்தாவின் உப்புச் சுண்டலைக் கிண்டல் செய்தேன். எல்லாரும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"டீச்சரம்மா மட்டும் அன்னிக்குக் கூப்பிடலன்னா, நான் பாட்டுக்கு டிப்போல நல்லா சாப்ட்டுக்கினே இருந்திருப்பேன் பாப்பா."

"நீ என்னை அனுப்பலையேப்பா... அது போதும்" என்றேன்.

அப்பா, பேரன் கடைசி வாய் முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதற்கப்புறம்தான் தன் சாதத்தைப் பிசைந்தார்.