பதினோராம் கட்டிலின் மோட்டார்

கல்லூரியில் அவனுக்கு 'பேரிங்' என்று பெயர். வாய்மொழித் தேர்வில் எந்த இயந்திரத்தைக் காட்டி என்ன கேட்டாலும் "பேரிங் தேய்ஞ்சிருக்கும் சார்" என்று சொல்லி வைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இயந்திரப் பொறியியல் முடித்த கையோடு கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் மென்பொருள் பக்கம் தாவினார்கள். அவனோ கார் தொழிற்சாலைதான் என்று ஒற்றைக்காலில் நின்றான். தொழிற்சாலை அவனை இரண்டு முறை திருப்பி அனுப்பியது.

கடைசியில் வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வங்கியின் தொலைபேசிச் சேவையில் சேர்ந்தான். ஏ.டி.எம். கார்டைத் தொலைத்தவர்களிடம் "கவலைப்படாதீங்க" என்று சொல்லியே நான்கு வருடம் ஓடிவிட்டது. வீட்டுக்கு வந்தால் மிக்சியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

"திருப்பி மாட்டுற எண்ணம் இருக்கா?" என்பாள் மனைவி. மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிப்பவள் அவள். அங்கே பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் எடுப்பதை அறிவிப்புப் பலகையில் பார்த்து விண்ணப்பம் வாங்கி வந்ததும் அவள்தான்.

வேலை கிடைத்தது; சலவை அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையும். சக்கரம் சுற்றாத தள்ளுவண்டிகள், கால் மடங்காத கட்டில்கள். அவன் அக்காவுக்கு மனசு ஆறவில்லை.

"எஞ்சினீயருக்குப் படிச்சுட்டு கட்டில் ரிப்பேரா பண்றே?"

"சக்கர நாற்காலியும் இருக்குக்கா."

ஆறாம் வார்டு தலைமை நர்ஸிடமிருந்து ஒரே புகார் மூன்று முறை வந்தது: பதினோராம் கட்டிலின் கைப்பிடி இறுகிவிட்டது. மூன்று முறையும் கிரீஸ் தடவிவிட்டு வந்தான். நான்காம் முறை, பேசாமல் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பஸ் டிரைவர் ஒருவர் அந்தக் கட்டிலில் படுத்திருந்தார். அவர் தலைப்பக்கம் உயர வேண்டுமென்றால் நர்ஸ் வந்து, குனிந்து, கால்பக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரை மதியம் வரை அவர் தொடவேயில்லை.

"தாகம் எடுக்கலையா?"

"எடுக்குது சார். ஒவ்வொரு வாய்க்கும் அந்தப் பொண்ணுங்களக் கூப்பிட ஒரு மாதிரி இருக்கு."

அன்றே, கழித்துப் போட்டிருந்த பழைய பல் மருத்துவ நாற்காலியிலிருந்து மோட்டாரைக் கழற்றினான். தன் அறையில் இருந்த ஒரு காலிக் கட்டிலின் அடியில் அதைப் பொருத்தி, நோயாளியே அழுத்தும்படி இரண்டு பொத்தான் வைத்தான். முதல் சோதனைக்குத் தானே படுத்தான். மேலே போன கட்டில் நிற்கவில்லை. அவனைப் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டியது. பார்க்க வந்திருந்த தலைமை நர்ஸ்தான் வயரைப் பிடுங்கிவிட்டாள். சிரித்து முடிக்க அவளுக்கு ஐந்து நிமிடம் ஆனது.

குறிப்பிட்ட உயரத்தில் தானே நிற்கும்படி ஒரு சுவிட்சைச் சேர்த்தான். மின்பிரிவினர் சோதித்துக் கையெழுத்துப் போட்டபின் பதினோராம் கட்டிலின் இடத்தில் அதைப் போட்டார்கள். டிரைவர் பொத்தானை அழுத்தி, நிமிர்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரை முழுவதும் குடித்தார். மறுபடி படுத்து, மறுபடி நிமிர்ந்தார்.

அந்த மாதமே, அவன் மறுபடி விண்ணப்பித்திருந்த கார் தொழிற்சாலை கூப்பிட்டது. போனான். போகாமல் எப்படி இருப்பான்? கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அளக்கும் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கார் முன்னால் நிற்பது ஒரு நிமிடம்கூட இல்லை. யார் வீட்டுக்குப் போகிறது என்று தெரிவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

ஆறாவது மாதம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவியிடம் சொன்னான்: "ஆஸ்பத்திரியிலயே திரும்பிக் கேட்டுப் பாக்கட்டுமா?"

"ஆறு வருஷம் ஆசைப்பட்டது."

"ஆமா. ஆசைப்பட்டப்ப உள்ள போய்ப் பாக்கல."

"கேளு. இடம் இருக்குமான்னு தெரியல" என்றாள்.

இடம் இல்லை. அவன் பழைய வேலையில் அவனைப் போலவே படித்த ஒரு பெண் சேர்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே, ஒரு படி இறங்கிய பதவி மூன்று மாதம் கழித்துத்தான் காலியானது. அக்காவிடம் சொல்லாமலே கையெழுத்துப் போட்டான்.

முதல் நாள் அந்தப் பெண் கேட்டாள்: "அந்த மோட்டார் கட்டிலுக்கு டிராயிங் எங்க இருக்கு?"

"போடல மேடம். கை போன போக்குல மாட்டினது."

"இன்னும் ஒன்பது கட்டில் கேட்டிருக்காங்க. பேப்பர் எடுங்க."

அவள் அளவு நாடாவோடு கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான்.