ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்துக் கேரம்

கரப்பான் பூச்சிக்கு மருந்து வைக்கலாம் என்று போன மாதம் மெடிக்கல் ஷாப்பில் போரிக் பவுடர் கேட்டேன். கடைப் பையன் பொட்டலத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே, "கரப்பானுக்குத்தானே மேடம்? சர்க்கரையும் மைதாவும் சேத்து உருட்டி வைங்க, ஒண்ணு தங்காது" என்றான். எனக்குச் சுருக்கென்றது. இதே ஓசூரில், இதே பஸ் ஸ்டாண்ட் ரோட்டில், ஒரு காலத்தில் போரிக் பவுடர் என்று கேட்டால் கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். பலகையில் தூவத்தான், கேரம் ஆடுகிற வீடு என்று அவருக்கே தெரியும். கரப்பான்கள் அன்றைக்கும் இருந்தன. அவற்றை யாரும் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

போரிக் பவுடருக்கு வாசனையே கிடையாது என்று என் வீட்டுக்காரர் சாதிக்கிறார். கெமிஸ்ட்ரி படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பொட்டலத்தைப் பிரித்ததும் எனக்கு ஒரு வாசனை வந்தது. குண்டு பல்பின் சூடு, பிளைவுட் பலகை, வெங்காய பஜ்ஜி, அப்பாவுக்குக் கம்பெனியில் மாதாமாதம் கொடுக்கும் மஞ்சள் சோப்பு, எல்லாம் கலந்த வாசனை. இது எந்தக் கெமிஸ்ட்ரியில் வரும் என்று கேட்டேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அப்பா சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். அங்கே தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில் ஆடுவதற்கு ஒரு கேரம் போர்டு இருந்தது. புதுசு வந்ததும் பழையதை யாருக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா கை தூக்கிவிட்டார். கம்பெனி பஸ்ஸில் அதற்குத் தனி சீட் கிடைத்ததாம். அப்பா நின்றுகொண்டு வந்தார், பலகை உட்கார்ந்துகொண்டு வந்தது. அம்மா வாசலில் பார்த்ததும், "வூட்ல மனுசங்க ஒக்காரவே எடம் இல்ல" என்றாள். உண்மைதான். அது நாலு போர்ஷன் உள்ள காம்பவுண்டு. எங்களுக்கு ஒரு ஹால், ஒரு சமையலறை. ஹாலில்தான் டிவி, பீரோ, அக்காவின் தையல் மெஷின், நாங்கள் நாலு பேர். பலகை பீரோவுக்குப் பின்னால் போய் நின்றது.

அது வெளியே வருவது ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் மட்டும்தான். ஷிப்ட் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்குத் திங்கள், செவ்வாய் என்று வாரம் போகும். எங்களுக்கு ஃபர்ஸ்ட், செகண்டு, நைட் என்று போகும். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் அப்பா தூங்குவார், நாங்கள் ஊமைகளைப் போலச் சைகையில் சண்டை போடுவோம். செகண்டு ஷிப்ட் வாரத்தில் அப்பாவை எப்போது பார்த்தோம் என்பதே ஞாபகம் இருக்காது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் அவர் மதியமே வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் பலகை நடு ஹாலுக்கு வரும்.

ஓசூர் குளிர் அன்றைக்கு வேறு. சாயங்காலம் சாரல் போட்டால் பலகை ஊறிப்போய் காய் நகராது. அதனால் அப்பா ஒரு குண்டு பல்பைப் பலகைக்கு மேல் தாழ்வாகத் தொங்கவிட்டிருந்தார். பலகையும் காயும், எங்கள் விரல்களும் காயும். ஸ்டிரைக்கரும் அவருடைய கைவேலைதான். நைலான் துண்டு ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி லேத்தில் கடைந்தது. ஸ்வெட்டரும் மப்ளருமாக நாலு பேர் ஒரு பல்பின் கீழ் குனிந்திருப்பதை மாடியிலிருந்து இறங்கிவரும் ஓனரம்மா எட்டிப் பார்த்து, "ஏனு, ஆப்பரேஷனா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவருக்குக் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும்.

ஜோடி எப்போதும் ஒன்றுதான். அப்பாவும் அக்காவும் ஒரு பக்கம், அம்மாவும் நானும் ஒரு பக்கம். நாங்கள் தோற்பதும் எப்போதும் ஒன்றுதான். என் ஆட்டத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது சரியல்ல, இருந்தாலும் சொல்கிறேன். நான் அடித்தால் காய் நிற்கும், ஸ்டிரைக்கர் மட்டும் பாக்கெட்டுக்குள் போகும். ஜெயித்ததும் அப்பா விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, "லேத்துல பழகுன கைடி இது. மைக்ரான் கணக்கு" என்பார். அம்மா காய்களைப் பொறுக்கிக்கொண்டே, "ஆமாமா, உங்க கை வருமா" என்பாள். அப்பா பெரிய மனது பண்ணி, "நீ நல்லாத்தான் ஆடற. உன் பார்ட்னர் சரியில்ல" என்று என்னைப் பார்ப்பார். பள்ளிக்கூடம் முடியும்வரை அந்தப் பழியை நான் சுமந்தேன். பரீட்சையில் மார்க் குறைந்தால்கூட வீட்டில் இவ்வளவு பேச்சு வந்ததில்லை.

செகண்டு ஷிப்ட் வாரங்களில் பள்ளிவிட்டு வந்தால் பீரோ ஓரமாகத் தரையில் வெள்ளையாக ஏதோ சிந்தியிருக்கும். கோலமாவு என்று நினைத்துப் பெருக்கிவிட்டுப் போய்விடுவேன்.

ஊரைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. எங்கள் ஊர் ஊத்தங்கரையிலிருந்து உள்ளே போக வேண்டும். ஆடியில் மாரியம்மன் திருவிழா. அப்பா எந்த ஷிப்டில் இருந்தாலும் லீவு போட்டுவிடுவார். குந்தாரப்பள்ளியில் சந்தை நாளாக இருந்துவிட்டால் மாடுகள் லாரிகளில் இறங்கி ஏறும்வரை பஸ் நின்றே தீரும். கிருஷ்ணகிரியில் இன்னொரு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் புதுத் துணி கசங்கி, பூ வாடி, நாங்கள்தான் திருவிழாவில் தொலைந்துபோய்க் கிடைத்தவர்கள் போல இருப்போம்.

ஒரு வருடம் அக்கா மாவிளக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஆடிக் காற்று, மேளம், கூட்டத்தில் இடி. மற்றவர்களின் விளக்குகள் அணைந்து அணைந்து ஏற்றப்பட்டன. அக்காவின் தட்டில் சுடர் நடுங்கியதே தவிர, தட்டு ஆடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்கள் அம்மாவைத் தேடி வந்து, "யாரு பொண்ணுங்க அது? கை ஒரு துளி ஆடல பாருங்க" என்றார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பையன் இருந்தான். பெங்களூரில் வேலை. கேரம் ஆடினால் கல்யாணம் நடக்கும் என்று அதற்குமுன் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் முறுக்கிக்கொண்டு நின்றார். நல்ல இடம், அறிந்த ஊர், ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் மகள். அவருக்கு மனதுக்குள் பந்தல் போட்டாகிவிட்டது. கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனபிறகு யாருக்கும் பேச ஒன்றுமில்லை. மாப்பிள்ளை அண்ணாந்து தொங்கும் பல்பைப் பார்த்தார், பிறகு பீரோவுக்குப் பின்னால் பார்த்தார். "கேரம் ஆடுவீங்களா?" என்றார். "காலேஜ்ல நான் சேம்பியன்."

அப்பா பலகையை எடுத்துப் போட்ட வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வரட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதற்குப் பதிலாக இருவரும் பலகைக்கு இருபுறமும் உட்கார வைக்கப்பட்டார்கள். பவுடர் எடுக்க அக்கா சமையலறைக்கு வந்தபோது அம்மா அவள் காதருகே, "வுட்டுக் குடுத்து ஆடுடி" என்றாள். அக்கா பவுடரை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

அம்மா சொன்னதைக் கேட்டிருந்தும் முதலில் எனக்கே புரியவில்லை. பாக்கெட் வாயில் ஒரு கருப்பு நின்றது. ஊதினால் விழும். அக்கா அடித்தாள், ஸ்டிரைக்கர் மயிரிழையில் அதை உரசாமல் போயிற்று. இன்னொன்றை அடித்தபோது ஸ்டிரைக்கரே உள்ளே போய் மைனஸ். அது நான் ஆட வேண்டிய ஆட்டம். அவ்வளவு சரியாகத் தப்பாக அடிக்கக் கை எவ்வளவு ஆடாமல் இருக்க வேண்டும் என்று பிறகுதான் யோசித்தேன். அப்பா என் பக்கம் சாய்ந்து, "பாவம், பதட்டம்" என்றார். மாப்பிள்ளை ரெட் என்கிற சிவப்புக் காயை எடுத்தார், அதற்கு ஃபாலோவாக இன்னொரு காயும் போட்டார், ஜெயித்தார். ஜெயித்தபின் அக்காவுக்குச் சொல்லியும் கொடுத்தார்.

"நீங்க வெரல மடக்கி அடிக்கறீங்க. நீட்டி அடிக்கணும். கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணா வந்துரும்."

"சரிங்க" என்றாள் அக்கா.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு அடக்கமா இருக்கறா அண்ணி. எங்களுக்குப் புடிச்சுது. நீங்க கலந்துகினு சொல்லுங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்தார். மாடிப் படியிலிருந்து ஓனரம்மா, "ஹுடுக சென்னாகித்தானெ" என்று பையனின் அழகுக்குச் சான்றிதழ் கொடுத்தார். கார் தெருமுனை திரும்பியது. அக்கா பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு வேணாம்மா."

"என்னாடி கொறை?"

"கொறை ஒண்ணியும் இல்ல. நான் வுட்டுக் குடுத்து ஆடனது அவருக்குத் தெரியவே இல்ல."

"தெரியாட்டிப் போவுது. அதுல என்னா?"

"பாக்கெட் வாயில இருந்தத வுட்டன், ரெட்ட வுட்டன். எதிர்ல ஒருத்தி ஒக்காந்துகினு இருக்கறாளே, இவ ஏன் இப்பிடி ஆடறான்னு ஒரு தடவ நிமிந்து பாத்தாரா? காலம் பூரா இப்பிடியே வுட்டுக் குடுத்துகினு இருக்க முடியுமாம்மா?"

அம்மாவுக்குக் கோபம். கேசரிக் கரண்டி கையிலேயே இருந்தது. "பெரிய இவ. உங்கப்பாவுக்கு இத்தினி வருசமாத் தெரியல. நான் குடும்பம் நடத்தல?"

சொல்லி முடித்தபிறகுதான், அப்பா அதே ஹாலில் நின்று சட்டைக் கைப் பட்டனைக் கழற்றிக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அந்த நேரத்தில் அக்காவின் கல்யாணமும் ஞாபகம் இல்லை, அப்பாவின் மானமும் ஞாபகம் இல்லை. நான் தோற்ற ஆட்டங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. உன் பார்ட்னர் சரியில்லையாம்!

"என்னா சொன்ன?" என்றார் அப்பா.

"ஒண்ணியும் இல்லிங்க. ஒரு பேச்சுக்கு."

அப்பா காய்களை நடுவில் அடுக்கினார். "ஒக்காரு."

"கேசரி ஆறிப்போவுது..."

"ஆறட்டும். ஒக்காரு. நெசமா ஆடு."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் காயைத் தவறவிட்டாள். "இது வேணும்னே வுட்டது" என்றார் அப்பா. எப்படிக் கண்டுபிடித்தார் என்று நிமிர்ந்து பார்த்தால், அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வெட்கப்பட்டாளா, பயந்தாளா, தெரியவில்லை. அதன்பிறகு அவள் விடவில்லை. எதிர்ப்பக்கம் இடித்துத் திரும்பி வந்து விழுந்தது ஒன்று, ஒரே அடியில் இரண்டு. அப்போதுதான் அந்தக் கோலமாவு கோலமாவே இல்லை, போரிக் பவுடர் என்று எனக்கு விளங்கியது. ரெட், ஃபாலோ, எல்லாம் முடிந்தபோது அப்பாவின் வெள்ளைகள் பலகையில் பாதிக்குமேல் அப்படியே கிடந்தன.

அப்பா சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தோம். சிரிக்கவில்லை. "எதுக்கோசரம்?" என்று மட்டும் கேட்டார்.

"ஷிப்ட் முடிச்சு வரப்ப உங்க மூஞ்சி எப்பிடி இருக்கும்னு நீங்க பாத்ததில்ல" என்றாள் அம்மா. "ஜெயிச்சா கொஞ்சம் தெளியும்."

அப்பா ஸ்டிரைக்கரைக் கையில் வைத்து உருட்டினார். பிறகு அக்காவைப் பார்க்காமல், அம்மாவிடம் சொன்னார்: "இந்த வூட்டுக்கு இப்பிடி ஒருத்தன் போதும். அவங்களுக்கு வேணாம்னு சொல்லிடலாம்."

எனக்கு அப்பாவை மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். அதற்குமுன்னும் பிடிக்கும், அது அப்பா என்பதால்.

அடுத்த ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் அவர் அம்மாவுக்கென்று ஒரு ஸ்டிரைக்கர் கடைந்து கொண்டுவந்தார். ஜோடியும் மாறியது. அம்மாவும் அக்காவும் ஒரு பக்கம், அப்பாவும் நானும் ஒரு பக்கம். இரண்டு பேரும் சேர்ந்து தோற்றோம், அப்படித் தோற்றோம். "நம்ம பார்ட்னர் சரியில்ல" என்று ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தோற்றபோதும் அப்பாவின் முகம் தெளிவாகத்தான் இருந்தது. அம்மா ஒவ்வொரு காயாகப் போடப்போட அவர்தான் முதலில் "அடடா" என்பார். அக்கா இரண்டு வருடம் கழித்து, கேரமே தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டாள். பெண் பார்க்க வந்த அன்று, "எனக்கு ஆடத் தெரியாதுங்க. நீங்க ஆடுங்க, பாக்கறேன்" என்றவர் அவர்.

அந்தக் காம்பவுண்டு இப்போது இல்லை. லிஃப்ட் வைத்த கட்டடம் நிற்கிறது. ஓனரம்மா மகனோடு எங்கோ போய்விட்டார். குண்டு பல்பு கடைகளில் கிடைப்பதில்லை, ஓசூரில் குளிரும் முன்னைப்போல் கிடைப்பதில்லை. அப்பா ஓய்வு பெற்றதும் அம்மாவோடும் பலகையோடும் ஊருக்கே போனார். அவர் காலமாகி மூன்று ஆடி ஆகிறது.

இந்த ஆடிக்குப் போகும்போது கரப்பானுக்குப் போக மிச்சமிருந்த பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டேன். அம்மா பலகையைத் துடைத்து வைத்திருந்தாள். என் பையனும் அவளும் உட்கார்ந்தார்கள். அவன் ஜெயித்தான். ஒன்றல்ல, வரிசையாக ஜெயித்தான். எழுந்து நின்று குதித்தான். "அடேங்கப்பா, உங்க தாத்தா கைடா உனக்கு" என்றாள் அம்மா. ஒரு கருப்புக் காய் பாக்கெட் வாயிலேயே கடைசிவரை நின்றுகொண்டிருந்தது. ஊதினால் விழும்.

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் காய்களை அடுக்கத் தொடங்கினாள். அடுக்கி முடித்து, பழக்கத்தில், அப்பா உட்காரும் எதிர்ப்பக்கம் பார்த்தாள். "நெசமா ஆடு" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.