எருக்கம்பாலும் என் வீட்டுக்காரர் கண்ணும்

போன மாதம் ஒரு காலை. என் வீட்டுக்காரர் பேப்பரை விரித்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு கையை நீட்டி எட்டப் பிடித்தார்.

"என்ன இது... மையே இல்லாம பிரிண்ட் போட்டிருக்கான்? பேப்பர்க்காரருக்கு போன் போடு!"

எட்டிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது.

"நல்லாத்தானே இருக்குங்க?"

"அப்ப கண்ணாடி அழுக்கு." துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "இல்ல... டியூப்லைட்டுக்கு வோல்டேஜ் கம்மி."

டியூப்லைட்டையே யாரும் போடவில்லை!

எனக்குச் சுருக்கென்றது. "ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க" என்றேன். வலது கண்ணை மூடினார். படித்தார். இடது கண்ணை மூடினார்... படிப்பு நின்றுவிட்டது.

"ஒரே புகை மூட்டமா இருக்கு."

"நேத்து கண்ணுல ஏதாவது பட்டுச்சா?"

"எருக்கம்பால் லேசா தெறிச்சுது. துண்டால துடைச்சிட்டேன். வலிக்கவே இல்ல... அதான் சொல்லல."

வலித்தால்தான் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

விஷயம் இதுதான். இவர் ரிட்டயர் ஆனதும் கைலாசபுரம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, எடமலைப்பட்டி புதூரில் கட்டியிருந்த சொந்த வீட்டுக்கு வந்தோம். தொழிற்சாலையில் இவருக்குத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. தொழிற்சாலை போனது, கட்டுப்பாடு போகவில்லை. என் சமையலறைக்கு வந்து கேஸ் அடுப்பின் நீல ஜுவாலையைக் குனிந்து பார்த்து, "ரெண்டு பர்னரும் ஒரே மாதிரி எரியலையே" என்று ரிப்போர்ட் கொடுப்பார். அதனால் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் வெள்ளெருக்கங்கன்று ஒன்றைக் கொடுத்தபோது இவரைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். இனிமேல் அவர் மொட்டை மாடியில் இருப்பார்!

எருக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரயில்வே லைன் ஓரம், சுடுகாட்டுப் பக்கம், யாரும் வீடு கட்டாமல் போட்டிருக்கும் மனை... எங்கே மனிதர்கள் கைவிட்டார்களோ அங்கே தழைத்து நிற்கும். சாம்பல் பூத்த மாதிரி தடித்த இலை. சின்னக் கிரீடம் வைத்த மாதிரி பூ. ஊதா நிறப் பூதான் அதிகம், வெள்ளை அபூர்வம். பிள்ளையாருக்கு மாலை கட்டுவோம். காய் வெடித்தால் பட்டுப் பஞ்சு காற்றில் மிதந்து வரும், அதன் நுனியில் விதை உட்கார்ந்திருக்கும். அந்தப் பஞ்சைத் தலையணைக்குள் அடைத்தவர்கள் உண்டு. தண்டின் நாரைக் கயிறாகத் திரித்தவர்களும் உண்டு. மூட்டு வலிக்கு இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பார்கள். இத்தனைக்கும் அது நம்மிடம் கேட்பது என்ன? நல்ல வெயில். தண்ணீர் தேங்காத மண். அவ்வளவுதான். உரம் வேண்டாம், மருந்து வேண்டாம், ஆடு மாடு மேய்ந்துவிடுமோ என்ற பயமும் அதிகம் வேண்டாம்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? பெரிய சிமென்ட் தொட்டி. மண்புழு உரம். காலையும் மாலையும் தண்ணீர். வெயில் படக்கூடாது என்று தலைக்கு மேலே பச்சை வலை. செடிக்கு ராஜ உபசாரம். அதுவும் நாளுக்கொரு இலையை மஞ்சளாக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் காலி மனையில் தானாக முளைத்த ஊதா எருக்கோ ஆள் உயரத்துக்குப் பூத்துக் குலுங்கியது.

"இதுக்குச் சத்து பத்தல" என்று இவர் இன்னொரு மூட்டை உரம் வாங்கினார்.

இந்தச் சமயத்தில்தான் ரதசப்தமி வந்தது. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் காலேஜ் தோழி வைதேகி போன் செய்தாள். "எருக்கிலை கிடைக்கலடீ. தலையிலயும் தோள்லயும் வெச்சுண்டு ஸ்நானம் பண்ணணும். ஆத்துல எல்லாருக்கும் வேணும். அங்க ஏதாவது இருக்கா?"

"ஏன் இல்லாம?" என்றார் இவர், போனைப் பிடுங்காத குறையாக. சொந்தச் செடியில் கைவைக்க மனசு வரவில்லை. காலி மனைக்குள் இறங்கினார். கொத்துக் கொத்தாக இலைகளை ஒடித்தார். எருக்கை எங்கே ஒடித்தாலும் பால்தான். சொட்டும், வழியும், தெறிக்கும். அன்றைக்குக் கண்ணில் தெறித்தது. இலையை நான் பஸ் பிடித்துப் போய் வைதேகியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கண் விஷயம் மறுநாள் காலைதான் தெரிந்தது.

ஆட்டோவில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் இவர் ஒரு கண்ணை மூடுவதும் திறப்பதுமாக வந்தார். கல்யாணமான நாளிலிருந்து இவர் முன்னால் போவார், நான் பின்னால் ஓடுவேன். அன்று ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

டாக்டர் அம்மா சின்ன வயசு. கருவியில் தாடையை வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார்.

"எருக்கம்பால் கருவிழியோட உள்பக்கம் வரைக்கும் போய் வீக்கத்தை உண்டாக்கியிருக்கு. தெறிச்ச உடனே நிறைய தண்ணி விட்டுக் கழுவியிருக்கணும் சார். கழுவிட்டு நேரா இங்க வந்திருக்கணும்."

"வலிக்கலையே டாக்டர்!"

"அதுதான் இதுல ஆபத்தே. அந்தப் பால் கண்ணை மரத்துப்போக வெச்சிடும். வலிக்கலைன்னு எல்லாரும் சும்மா இருந்துடுறாங்க."

"பார்வை திரும்பிடுமா?" நான்தான் கேட்டேன். இவர் கேட்கவில்லை.

"நேரத்துக்கு மருந்து போட்டீங்கன்னா திரும்ப வாய்ப்பு அதிகம். ஆனா இப்பவே உறுதியா சொல்ல முடியாது. விடாம வந்து காட்டணும்."

அந்த 'ஆனா' எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்தது. கறுப்புக் கண்ணாடியோடு இவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார். கேஸ் ஜுவாலையைப் பார்க்க வரவில்லை. ரெண்டு பர்னரும் இஷ்டத்துக்கு எரிந்தன. கேட்க ஆளில்லாத சமையலறை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வைதேகி அக்காரவடிசலோடு ஓடிவந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "என்னாலதானே அண்ணா... ஏதோ பெருமாள் காப்பாத்தினார்."

"பெருமாள் காப்பாத்தினது சரிங்க. அவரே இலையையும் பறிச்சுக் குடுத்திருக்கலாம்ல?" என்றார் இவர்.

அப்பாடா! ஆள் உள்ளே பத்திரமாக இருக்கிறார் என்று எனக்கு மூச்சு வந்தது.

சில நாள் கழித்து, சொல்லச் சொல்லக் கேட்காமல் மாடிக்குப் போனார். போன வேகத்தில் அலறல்.

"ஏய்... சீக்கிரம் வா! கண்ணுக்குள்ள என்னமோ ஆயிடுச்சு! கோடு கோடா தெரியுது!"

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

"எப்படிங்க தெரியுது?"

"கறுப்பு, மஞ்சள், வெள்ளை... வரி வரியா. அசையுது வேற!"

எங்கே பார்க்கிறார் என்று பார்த்தேன். வெள்ளெருக்கின் இலை. அதன் மேலே கறுப்பு, மஞ்சள், வெள்ளையில் வரி வரியாகச் சட்டை போட்ட புழு ஒன்று, நிதானமாக டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது!

"அது உங்க கண்ணுல இல்லைங்க. செடியில இருக்கு."

"நிஜமாவா? உனக்கும் தெரியுதா?"

"எனக்கும் தெரியுது."

தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர். அழுகிறாரா என்று நான் கேட்கவில்லை. மருந்து என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

அது வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் புழு. எருக்கிலை அதற்கு இஷ்டமான சாப்பாடு. நம்மைக் குருடாக்கப் பார்த்த அதே பாலைக் குடித்து, அந்த நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பிறகு எந்தப் பறவைக்கும் அதைச் சாப்பிடத் தைரியம் வருவதில்லை. என்ன ஒரு ஏற்பாடு பாருங்கள்!

வேறு நேரமாக இருந்தால் ஸ்ப்ரேயரைத் தூக்கியிருப்பார். இப்போது அந்தப் புழுக்கள் இவருடைய கண் பரிசோதனைச் சார்ட். காலையில் இடது கண்ணை மூடிக்கொண்டு மாடியில் நிற்பார். முதலில் வெறும் கறை. பிறகு வரி. பிறகு ஒரு நாள் கீழே வந்து, "தலையில கறுப்பா கொம்பு இருக்கு, பார்த்தியா?" என்றார். அன்று பாயசம் வைத்தேன்.

புழுக்கள் செடியை மொட்டையடித்துவிட்டன. புழுக்களைப் பார்க்கிற மும்முரத்தில் தண்ணீரும் உரமும் இவருக்கு மறந்தே போயின. போர்த்தியிருந்த வலையும் காற்றில் பிய்ந்துபோனது. செடி செத்தே போகும் என்று நினைத்தோம். அதுவோ வெயிலை வாங்கிக்கொண்டு கணுவுக்குக் கணு துளிர் விட்டது! நம்முடைய அன்பில் பாதி, வாங்கிக்கொள்கிறவர்களுக்கு மூச்சு முட்டுகிற அன்புதானோ? எனக்குத் தெரிந்த சில அம்மாக்களிடம் இதைச் சொல்லலாம். கேட்கமாட்டார்கள்.

ஒரு காலை, இலைக்காம்பில் தொங்கிய பச்சைக் கூடு கண்ணாடிபோல ஆகி, பிளந்தது. கசங்கிய கைக்குட்டை மாதிரி ஒன்று வெளியே வந்து, காய்ந்து, விரிந்து, வெந்தய நிறத்தில் சிறகடித்தது. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார் இவர். நான் அவரைப் பார்த்தேன்.

அந்த வாரமே டாக்டர் அம்மா விளக்கை அணைத்துவிட்டு, "ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு சார். கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிடலாம்" என்றார். கழற்றினார். என் முகத்தையே உற்றுப் பார்த்தார். விடாமல் பார்த்தார். டாக்டர் முன்னாலேயே... எனக்கு வெட்கமாகிவிட்டது.

"என்னங்க?"

"உனக்கு இவ்வளவு நரை எப்ப வந்துச்சு?"

டாக்டரிடம் கொஞ்சம் குறைத்தே குணப்படுத்தச் சொல்லியிருக்கலாம்!