அத்தை ஏறிய மோட்டார் படகு

கல்யாணமாகி நான் தென்காசிக்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின்களைப் பழுதுபார்ப்பது என் கணவருடைய தொழில். வீட்டின் பின்கட்டுதான் பட்டறை. நான் தாளிக்கிற வாசனையை டீசல் வாசனை எப்போதும் தோற்கடித்துவிடும்.

அவருக்குப் பள்ளிக்கூடத்து நண்பர் ஒருவர் உண்டு. ஜவுளி வியாபாரி. கொழும்புக்கும் தென்காசிக்குமாகப் போய்வந்துகொண்டிருப்பார். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியிருந்த ஒரு நாள், சாக்குப் பையில் எதையோ குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தார். பிரித்தால் ஒரு படகு மோட்டார். படகின் பின்பலகையில் மாட்டிவிட்டு மேலே சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்க வேண்டும். கீழே நீண்டிருக்கும் தண்டின் நுனியில், தண்ணீரைத் தள்ளிவிடுகிற விசிறி.

“குத்தாலத்துக்கு வார கூட்டம் குளிச்சிட்டுச் சும்மாத்தான நிக்குது? குளத்துல படகு விட்டா ஏறாமலா போவாங்க?” என்றார் நண்பர். என் கணவர் அதற்குள் மோட்டாரைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆசாரியிடம் சொல்லி ஒரு சின்னப் படகும் தயாரானது.

வெள்ளோட்டத்துக்கு யாரை ஏற்றுவது என்று பேச்சு வந்தபோது, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் மாமியார், “நான் வாரேன்” என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அத்தை அதுவரை செங்கோட்டையைத் தாண்டிப் போனதில்லை. தண்ணீரென்றால் அருவியில்கூட ஓரமாக நின்று சொம்பில் மொண்டுதான் குளிப்பார்.

சேதி பரவி, குளத்தங்கரையில் நல்ல கூட்டம். அத்தை பட்டுச்சேலையில் வந்து நடுப்பலகையில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் நான். பின்னால் மோட்டாரோடு என் கணவரும் நண்பரும். மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கரை பின்னால் போனது. ஆட்கள் கைதட்டினார்கள். அத்தை பலகையை இறுகப் பிடித்தபடி, ஆனால் சிரித்த முகமாக இருந்தார். நடுக்குளத்தை நெருங்கும்போது அடியில் ‘டக்’கென்று ஒரு சத்தம். மோட்டார் முன்னிலும் பலமாக அலறியது. படகு மெல்ல மெல்லத் தளர்ந்து, அப்படியே நின்றுவிட்டது.

“என்னலே இது, சத்தம் மட்டும் ஊரக் கூட்டுது, போவ மாட்டேங்குது?” என்றார் அத்தை.

துடுப்பு கொண்டுபோகவில்லை. மோட்டார் இருக்கும்போது துடுப்பு எதற்கென்று நண்பர் கரையிலேயே போட்டுவிட்டிருந்தார். கடைசியில், பலகாரம் கொண்டுபோயிருந்த தாம்பாளத்தால் அவரும், அதை மூடியிருந்த தட்டால் என் கணவரும் தள்ளித் தள்ளிக் கரை சேர்த்தார்கள். கரையில் சிரிப்பு அடங்கவே இல்லை. அத்தை எங்களுக்காக நிற்காமல் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். கோபம்தான் என்று நாங்கள் மூவரும் நினைத்தோம்.

பட்டறையில் மோட்டாரை ஒரு மரச்சட்டத்தில் மாட்டி ஓட்டிப் பார்த்தார் என் கணவர். விசிறி ஜோராகச் சுழன்றது.

“நல்லாத்தான சுத்துது? அப்ப இன்ஜின்ல இழுவை இல்ல” என்றவர் பிளக்கைத் தேய்த்தார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பெட்ரோலை வடிகட்டினார். மறுநாள் குளத்துக்குக் கொண்டுபோனால் பழையபடி அலறல்தான். படகு அசையவில்லை. நண்பரின் முகம் தொங்கிப்போனது. “கொழும்புக்காரன் என் தலையில கட்டிட்டான்” என்று புலம்பினார்.

திரும்பி வந்து மறுபடியும் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றி உள்ளே ஏதாவது உரசுகிறதா என்று என் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். விசிறியில் அப்பியிருந்த சேற்றை நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையால் அதை அசையாமல் பிடித்திருந்தேன். திடீரென்று உறைத்தது. மேலே அவர் சக்கரத்தைச் சுற்றுகிறார். கீழே என் கையில் விசிறி பேசாமல் இருக்கிறது.

“ஏங்க, இன்னொரு தடவ சுத்துங்க.”

சுற்றினார். விசிறி அசையவில்லை. கையை விட்டேன். சுற்றியது. பிடித்தேன். நின்றது. மேலே சக்கரம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

“அடி சக்க!” என்று அவர் கீழே குனிந்தார். “காத்துல தடுக்க ஆளில்ல, சும்மா ஒட்டிக்கிட்டுச் சுத்தியிருக்கு. தண்ணி பிடிச்சுக்கிட்டா நின்னுருது!”

நுனியிலிருந்த மூடியைத் திருகி விசிறியை உருவினார். தண்டுக்கும் விசிறிக்கும் குறுக்கே ஓடி இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற சின்னப் பித்தளைப் பின் மூன்று துண்டாகக் கிடந்தது. குளத்துக்குள் ஏதோ கல்லில் விசிறி அடித்திருக்கிறது. அந்த ‘டக்’ அதுதான்.

“இவ்வளவுதானா? நல்ல இரும்பு ஆணியா ஒண்ணு போடுலே, ஜென்மத்துக்கும் உடையாது” என்றார் நண்பர்.

என் கணவர் துண்டுகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். “இல்லலே. இது உடையணும்னே மெத்துனு வச்சிருக்கான். இரும்பப் போட்டா பின் உடையாது, உள்ள பல்லுச்சக்கரம் உடையும். பித்தளைதான் வேணும்.”

அந்தக் கனத்தில் பித்தளைக் கம்பி பட்டறையில் எங்கும் இல்லை. டப்பாக்களைக் கொட்டித் தேடிக்கொண்டிருக்கும்போது அத்தை அடுக்களையிலிருந்து வந்தார். கையில் அவருடைய தாய்வீட்டுப் பித்தளைத் தூக்குவாளி.

“இந்தக் கைப்பிடி ஆவுமான்னு பாரு.”

“யம்மா, இது ஆச்சி குடுத்ததுல்லா?”

“நான் கயித்தக் கட்டித் தூக்கிக்கிடுதேன். நீ சீக்கிரம் வெட்டு. அந்தால தாமரை கிடக்குல்லா, அங்கன போறதுக்குள்ள நின்னு போச்சே.”

கோபமே இல்லை! பாதியில் நின்ற வருத்தம்தான். நண்பர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கைப்பிடியை வெட்டி அரத்தால் ராவியதில் பின் கச்சிதமாக உட்கார்ந்தது. மீதிக் கம்பியிலும் பின்கள் வெட்டி ஒரு தைலப் புட்டியில் போட்டு வைத்தோம்.

மறுபடி போனபோது துடுப்பை நானே ஏற்றிவைத்தேன். மோட்டார் பிடித்ததும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. நடுக்குளம் தாண்டியது. சாரல் முகத்தில் அடித்தது. மேற்கே மேகம் சற்று விலக, மலை மடிப்பில் அருவி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. “பிடிங்க மதினி” என்று நண்பர், படகைத் திருப்புகிற மோட்டார் கைப்பிடியை என்னிடம் கொடுத்துவிட்டார். அதை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நேராகத் தாமரைக்குள் கொண்டுபோய்ச் சொருகினேன்.

“யம்மா!” என்று என் கணவர் அலற, அத்தை நிதானமாகக் கையை நீட்டி ஒரு பூவைப் பறித்துக்கொண்டு, “சரியான இடத்துலதாம்லே நிப்பாட்டியிருக்கா” என்றார்.