வைத்துப் பார்க்கச் சொன்ன அக்கா

அக்கா காலமாகி இன்றோடு ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து, இலையில் உட்கார்ந்து, போகும்போது இந்தச் சிறு புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் வணக்கம். இறந்தவரின் குணங்களைப் பாடி இரண்டு வெண்பாவாவது போடுவது வழக்கம் என்று கண்டி அச்சுக்கூடத்துக்காரர் சொன்னார். எனக்கு வெண்பா வராது. பாதிரிமார் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் ஓடிவிட்டேன். மிச்சத்தை வண்டிக்காரர்களோடு திரிந்தபோது படித்தேன். ஆகையால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். சிலருக்கு இது கசக்கும். எனக்கும் கசக்கிறது.

அக்கா பிறந்தது இராமநாதபுரம் பக்கத்தில் மழை இல்லாத ஓர் ஊர். அந்த ஊரைப் பற்றிக் கேட்டால், "பசிச்சுச்சு" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை. அவருக்கு ஒன்பது வயதும் எனக்கு நான்கு வயதும் இருந்தபோது, அப்பா அம்மாவோடு தோணியில் மன்னார் வந்து இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாகக் கண்டிக்கு நடந்தோம். தம்புள்ளைக்கு இந்தப் பக்கம் வாந்திபேதியில் அம்மா போய்விட்டார். குழி தோண்ட நேரமில்லை என்றார்கள். இலை தழைகளைப் போட்டு மூடிவிட்டு நடந்தோம். நான் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவேன். அக்கா என்னைத் தூக்கியதும் இல்லை, அடித்ததும் இல்லை. "அந்த வளைவுக்கு அங்கிட்டு என்ன இருக்கு? நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்பார். நான் ஓடிப் பார்ப்பேன். அங்கே இன்னொரு வளைவு இருக்கும். அப்படித்தான் கண்டி வந்து சேர்ந்தேன். பிறகு நான் எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்காதவன் ஆனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

அம்பிட்டியவுக்கு மேலே இருந்த கோப்பித் தோட்டம் ஒன்றில் எங்கள் மாமா பெரிய கங்காணியாக இருந்தார். அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். அடுத்த வருஷமே அப்பாவும் காய்ச்சலில் போனதால், மாமா எங்களை வளர்த்தார் என்று உறவுக்குள் சொல்லிக்கொள்வார்கள். கூலிகளின் வரிசை வீடான லயத்தில் ஒரு மூலை கொடுத்தார், அது உண்மை. பத்து வயதில் அக்கா கோப்பிப் பழம் பறிக்கக் கூடை எடுத்தார். பதினாறில் கலியாணம். எட்டு மாதத்தில் அத்தானும் காய்ச்சலில் போனார். அதற்கு மறு மழைக்காலம், பழ மூட்டையோடு சரிவில் விழுந்து அக்காவின் இடுப்பு முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் ஒரு கால் கட்டையாகிவிட்டது. மலை ஏற முடியாதவருக்கு என்ன வேலை கொடுப்பது? பழைய சாக்குக் கொட்டகையில் பால்குடி மறந்த பிள்ளைகளை விட்டு, "தாய்மார் வரும்வரை இதுகளைத் தூங்க வை" என்றார்கள்.

அக்கா யாரையும் தூங்க வைக்கவில்லை.

நான் ஊர் சுற்றிவிட்டு வரும்போதெல்லாம் அந்தக் கொட்டகையில்தான் படுப்பேன். அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை பதினைந்து இருபது பிள்ளைகள். விளையாட்டுச் சாமான் என்று ஒன்றும் இல்லை. கோப்பிக் கொட்டை, சிரட்டை, வாழைப்பட்டை, தண்ணீர், மண். வாழைப்பட்டையில் வாய்க்கால் கட்டித் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றப் பார்ப்பார்கள். ஏறாது. ஏன் ஏறவில்லை என்று அக்காவிடம் வந்து கத்துவார்கள். "எனக்கென்ன தெரியும்? இன்னொரு தடவ பண்ணிப் பாருங்க" என்பார். கொட்டைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பது எது, முழுகுவது எது என்று பிரிப்பார்கள். மிதந்ததைக் கடித்துப் பார்த்து உள்ளே வெறும் பொக்கு என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். பிள்ளைகள் அவரை நொண்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஏன் நொண்டுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டதற்கு, கயிற்றைக் கொடுத்துக் காலை நீட்டினார். அவர்கள் இரண்டு காலையும் அளந்து, ஒன்று மூன்று விரல் குறைவு என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

தாய்மாருக்கு இது பிடிக்கவில்லை. "தம்பி, ஒங்க அக்காகிட்ட விட்டதிலருந்து இது வாய மூட மாட்டேங்குது" என்று செல்லாயியின் தாய் என்னிடம் முறையிட்டார். "அப்பா ஏன் கள்ளுக்கடைக்கு நேராப் போயி, கோணலா வாராருன்னு கேக்குது. என்னத்தச் சொல்ல?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்பாவையே கேளுன்னேன். கேட்டுட்டா. எனக்குத்தான் அடி விழுந்துச்சு."

அந்தச் செல்லாயிக்கு அப்போது ஐந்து வயது. கோப்பிக்கு இலை நோய் வந்த காலம் அது. மேல்மலையில் இலைகள் உதிர்ந்து செடிகள் குச்சியாக நின்றன. எங்கள் ஆட்கள் ஒரே பேச்சாகப் பேசினார்கள்: யாரோ தோட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். நம்மிடையே "வைத்துவிட்டான்" என்றால் என்ன பொருள் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மந்திரித்துப் புதைத்த முட்டையும் எலுமிச்சம்பழமும் தேடி மாமா நான்கு இடத்தில் தோண்டிப் பார்த்தார்.

செல்லாயி ஒரு கோப்பி இலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அடிப்பக்கம் முழுக்க மஞ்சளும் செம்மையுமான பொடி.

"நொண்டியக்கா, எலைக்கு யாரு முதுகுல சந்தனம் பூசினா?"

"எலையவே கேளு."

"எல பேசாது."

"பேசாததுகிட்ட எப்படிக் கேக்கறது? யோசிங்க எல்லாரும்."

பிள்ளைகள் நாள் முழுக்க யோசித்தார்கள். கொட்டகை வாசலில் அவர்கள் விதை போட்டு வளர்த்த இரண்டு நாற்றுகள் சிரட்டையில் இருந்தன. ஒன்றுக்கு அந்தப் பொடியைப் பொட்டாக வைப்பது, மற்றதற்கு வைக்காமல் விடுவது என்று முடிவு செய்தார்கள். முதுகுப் பக்கம்தான் வைக்க வேண்டும் என்று செல்லாயி பிடிவாதம் பிடித்தாள். வைக்காததைக் கொட்டகையின் மறு கோடிக்குக் கொண்டுபோய், இரண்டையும் கூடையால் மூடினார்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு வெளிச்சம். மூன்று வாரம் போல ஆனது. பொட்டு வைத்த செடியில் புதிதாக நாலைந்து இடத்தில் அதே சந்தனம் எழும்பியது. மற்றது பச்சையாகவே இருந்தது. பிள்ளைகள் கூத்தாடினார்கள். அக்கா ஆடவில்லை. தாய்மாரின் சேலைகளைப் பார்த்தார். மேல்மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சேலையிலும் அந்தப் பொடி ஒட்டியிருந்தது. அதே சேலையோடு, அதே சாக்கோடு மறுநாள் கீழ்மலைக்குப் போனார்கள்.

மறுநாள் காலை, ஆள் எண்ணும் நேரத்தில், இரண்டு சிரட்டைகளையும் தூக்கிக்கொண்டு அக்கா மாமாவிடமும் கணக்கப்பிள்ளையிடமும் போனார். நானும் கூடவே போனேன். தமக்குக் கீழே சில்லறைக் கங்காணி வேலை தருவதாக மாமா அந்த வாரம்தான் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நூறு பேருக்கு மேல் நின்றார்கள்.

"மாமா, இதப் பாருங்க. இதுக்கு வச்சோம், வந்துருச்சு. இதுக்கு வைக்கல, வரல."

கணக்கப்பிள்ளை நிமிர்ந்தார். "வச்சீங்களா? யாரு வச்சா?"

"புள்ளைங்கதாங்க ஐயா."

"வைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான் வச்சுப் பாக்கச் சொன்னேன்."

அக்கா சொன்ன கடைசி வார்த்தை இரண்டும் யார் காதிலும் விழவில்லை. "வச்சாளாம்! அவளே சொல்லிட்டா!" என்று பின்னால் ஒரு பெண் அலறினார். "புருசன முழுங்கினது பத்தாதுன்னு தோட்டத்தையும் முழுங்கிட்டியாடி!" என்றார் இன்னொருவர். அக்கா சாக்கைப் பற்றியும் சேலையைப் பற்றியும் திரும்பத் திரும்பச் சொன்னார். மாமா சிரட்டைகளைப் பிடுங்கிக் கல்லில் அடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ அங்கதானே படுத்துக் கெடக்குற. இவ என்ன பண்ணினா? சொல்லுடா" என்றார்.

பிள்ளைகள் விளையாடினார்கள் என்று சொன்னால் போதும். வைத்தது மந்திரம் இல்லை, பொடி என்று சொன்னால் போதும்.

"நான் கவனிக்கல மாமா" என்றேன்.

அன்று மத்தியானமே அக்காவின் சட்டி பானையைப் பாதையில் வைத்துவிட்டார்கள். கொட்டகையைப் பூட்டினார்கள். பிள்ளைகளைச் செடிக்கு அடியில் உதிர்ந்த பழம் பொறுக்க அனுப்பினார்கள். எனக்குச் சில்லறைக் கங்காணி வேலை கிடைத்தது. நான்கு மாதம் பார்த்துவிட்டு ஓடிவிட்டேன். நோய் கீழ்மலைக்கும் வந்தது. அக்கா போன பிறகும் வந்ததே என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அக்கா கண்டி நகரத்தில் ஒரு வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் கோப்பிக் கொட்டை பொறுக்கிப் பிழைத்தார். அந்தத் தூசு நெஞ்சில் இறங்கியது. ஒரு முறை சந்தையில் செல்லாயியைத் தாயோடு கண்டு, அக்கா கூப்பிட்டிருக்கிறார். தாய் பிள்ளையின் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு வேகமாக நடந்தாராம். "அவ ஒண்ணுமே கேக்கல தம்பி, ஏன் மூடுறேன்னுகூட" என்று அக்கா என்னிடம் சொன்னார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சில வருஷம் கழித்து, பேராதனைப் பக்கத்திலிருந்து ஒரு துரை இலை நோயைப் பார்க்கத் தோட்டத்துக்கு வந்தார். அவருடைய கண்ணாடிப் பெட்டியைத் தலையில் சுமந்து மலை ஏறியவன் நான். பொடியைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, இதுதான் நோய்க்கு விதை, காற்றும் கொண்டுபோகும், ஆளின் துணியும் சாக்கும் கொண்டுபோகும் என்று அவர் சொன்னதாகக் கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார். மாமா தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க தொரை, நாங்களும் அப்பிடித்தான் நெனச்சோம்" என்றார்.

நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். கோபப்படுவார், மாமாவைத் திட்டுவார், என்னையாவது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "எத்தன செடிக்கு வச்சுப் பாத்தாராம்?" என்று கேட்டார்.

"தெரியல அக்கா."

"கேட்டிருக்கலாமே நீ. நாங்க ஒண்ணுதான் வச்சோம். ஒண்ணு பத்தாது."

கோப்பி அழிந்து கிட்டங்கியும் மூடப்பட்ட பிறகு, குண்டசாலையில் ஒரு முஸ்லிம் கடைக்காரரின் வீட்டுப் பின்னறையில் கடைசி இரண்டு வருஷம் இருந்தார். அங்கேயும் நாலு பிள்ளைகள் அவரைச் சுற்றிச் சிரட்டையும் தண்ணீருமாக இருந்தார்கள். "இந்த மனிசி ஒண்டும் படிச்சிக் குடுக்கிறதில்ல. புள்ளையள் தானாப் படிக்கிது" என்று கடைக்காரரின் மனைவி என்னிடம் குறையாகச் சொல்வதுபோல் பெருமையாகச் சொன்னார். ஒரு காலை வேளையில் அக்காவின் மூச்சு நின்றது. நான் அப்போது பதுளைப் பாதையில் வண்டியோடு இருந்தேன். அவர்கள் சொல்லி அனுப்பியதும் ஓடி வந்து சேர்ந்தேன்.

இனி நன்றி. அக்காவைக் குளிப்பாட்டக் கிணற்றடியை விட்டுக்கொடுத்த கடைக்காரரின் மனைவிக்கு நன்றி. மூங்கில் வெட்டிப் பாடை கட்டித் தந்த பக்கத்து வீட்டுச் சிங்களப் பெரியவருக்கு நன்றி. தூக்கிய நால்வரில் என்னைத் தவிர யாரும் உறவில்லை. அந்த மூவருக்கும் நன்றி.

மாமாவுக்கும் மாமா வீட்டாருக்கும் ஆள் அனுப்பினேன். தோட்டத்துக்கு வைத்தவள் சாவுக்கு வருவதற்கில்லை என்று பதில் வந்தது. இன்று திதிச் சாப்பாட்டுக்கு மாமா வீட்டார் நீங்கள் எல்லாரும் வந்திருக்கிறீர்கள். அன்று வராததற்காக உங்களுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். வந்திருந்தால், அக்காவின் உடலை நடுவில் வைத்துக்கொண்டு, "வாங்க மாமா" என்று நான் கைகட்டி எழுந்து நின்றிருப்பேன்.

இப்படிக்கு,
தம்பி