ஜீப்புக்கு வச்ச கட்டை

எங்க வீட்டுக்காரரு தோட்டத்துத் துரையோட ஜீப்ப பதினோரு வருஷம் ஓட்டுனாரு. ஹல்துமுல்லைக்கு மேல எங்க தேயிலைத் தோட்டம். கடைசி வருஷம் அந்த ஜீப்புல ஹேண்ட் பிரேக்னு ஒண்ணு பேருக்குத்தான் இருந்துச்சு. முந்தி அந்தக் கம்பிய இழுத்தா நாலு தரம் கடக் கடக்னு சத்தம் கேக்கும், எந்த ஏத்தத்துலயும் வண்டி நிக்கும். அந்த வருஷம் பன்னெண்டு தரம் கேட்டுச்சு, அப்பவும் நிக்கல. இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. தெனம் சோத்தத் தட்டுல போட்டு வச்சிக்கிட்டு அந்த மனுஷன் வேறென்ன பேசுனாரு?

பண்டாரவளையில ஒரு கராஜ். அங்க உள்ள மெக்கானிக் பாஸ் ஒரு முஸ்லிம் ஆளு, வண்டிக்கு அடியில படுத்தாருன்னா வெளங்காத கோளாறே கெடையாதுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. மூணு தரம் கேபிள இறுக்கிக் குடுத்தாரு. நாலாந்தரம் கையத் தொடச்சிக்கிட்டே, “இனி இறுக்கிப் பிரயோசனம் இல்ல தம்பி, பின் டயருக்குள்ள எண்ணெய் வடிஞ்சு பிரேக்கெல்லாம் ஊறிப் போச்சு, சாமான் கொழும்புலேருந்து வரணும், தொரைகிட்ட சொல்லுங்க”ன்னாரு. இவரும் போய்ச் சொன்னாரு. துரை அடுத்த மாசம் பாப்போம்னாரு. அடுத்த மாசமும் அதையேதான் சொன்னாரு. துரைக்கென்ன, எறங்கி நடந்து போயிருவாரு. வண்டியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது இவருதானே.

அந்த பாஸ்தான் சொன்னாராம், மழை நாள்ல கல்ல நம்பாதீங்க, செம்மண்ணுல வழுக்கிரும், நல்ல கட்டையா ஒண்ணு வெட்டி வச்சிக்கங்கன்னு. தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல தச்சு வேலை பாத்த தச்சுப் பாஸ்கிட்டச் சொல்லி, காஞ்ச சவுக்குல முக்கோணமா ஒரு கட்டை வெட்டிக்கிட்டாரு. அடியில தரையக் கவ்வுறதுக்குப் பல்லுப் பல்லா கொத்திக்கிட்டாரு. வண்டி நின்ன ஒடனே எறங்கி ஓடிப் போய் பின் டயருக்கு முட்டுக் குடுப்பாரு. மொத கட்டைய வண்டியிலயே விட்டு வச்சாரு, ரெண்டே நாள்ல காணோம். ரெண்டாவதும் காணோம். எங்க லயத்து வரிசை வீடுங்கள்ல காஞ்ச மரத்துக்குக் கால் மொளைக்கும். வெறகு வைக்கிற மாதிரி எது கெடந்தாலும் அது யாரு வீட்டு அடுப்புலயாவது எரிஞ்சிக்கிட்டு இருக்கும், யாரக் குத்தம் சொல்றது?

அதனால மூணாவது கட்டைய தெனம் வீட்டுக்கே கொண்டாந்தாரு. எங்க அம்மா வீட்டுலேருந்து நான் கொண்டு வந்த தகரப் பொட்டியில ஒரு பக்கத்து இரும்பு வளையம் கழண்டு கெடந்துச்சு. அதைக் கட்டையில மாட்டிக்கிட்டாரு, தூக்கிக்கிட்டு வர வசதியா. சாயங்காலம் அவரு படியேறி வரும்போது ஒரு கையில கொடை, ஒரு கையில கட்டை. லயத்துப் பொம்பளைங்க, “என்னக்கா, ஒங்க சக்களத்தி வர்றா”ன்னு என்னையக் கேலி பண்ணுவாளுங்க. நானும் சிரிச்சிருக்கேன்.

அந்தக் கார்த்திகையில எட்டு நாளா விடாத மழை. மலையிலேருந்து தூக்கிட்டு வந்த கவ்வாத்து மிலாறு பூரா நனைஞ்சு கெடக்கு. தேயிலக் குச்சி நனைஞ்சா அது வெறகா? பொகைதான் வரும், நெருப்பு வராது. ஸ்டோர் பக்கம் போறீங்களே, ரெண்டு காஞ்ச துண்டு கொண்டாங்கன்னு மூணு நாளாச் சொல்றேன். காதுல வாங்குனாத்தானே? அன்னிக்கும் கட்டைய மட்டும் கையில புடிச்சிக்கிட்டு வந்தாரு, அதையும் ஈரம் காயணும்னு என் அடுப்புக்குப் பக்கத்துலயே வச்சிட்டுப் படுத்துட்டாரு.

விடிகாலையில எந்திரிச்சு ஊதுறேன், ஊதுறேன், கண்ணெல்லாம் எரியுது. வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு நேரமாச்சு. தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கல, ரொட்டி சுடல. பக்கத்துல அது நல்லாக் காஞ்சு கெடக்கு. தெரியாம வச்சேன்னு சொல்ல மாட்டேன். தெரிஞ்சுதான் வச்சேன். வண்டிக்குன்னா காஞ்ச கட்டை கெடைக்கும், வீட்டுக்குன்னா கெடைக்காதான்னு ஒரு ஆத்திரம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க. தச்சுப் பாஸ்கிட்ட இன்னொண்ணு வெட்டிக்கிட்டாப் போச்சுன்னு நெனச்சேன். சவுக்கு நல்லா எரிஞ்சுச்சு. ரொட்டி சுட்டு எடுத்து, சாம்பல அள்ளிச் சட்டி கழுவ வச்சிருந்த டின்னுல போட்டேன். வளையத்தோட நெனப்பே எனக்கு இல்ல.

எந்திரிச்சு வந்து, “கட்டை எங்க?”ன்னாரு.

“எனக்கென்ன தெரியும்? ஜீப்புலயே விட்டிருப்பீங்க.”

“இங்கதான் வச்ச மாதிரி இருந்துச்சு.”

“மாதிரிதான். போங்க, போய் வண்டியில தேடுங்க.”

தலையச் சொறிஞ்சிக்கிட்டே நின்னாரு. நான் சொன்னதையே நம்பிட்டாரு. ரெண்டு ரொட்டி தின்னாரு, தேத்தண்ணி குடிச்சாரு, கொடைய எடுத்துக்கிட்டுப் போனாரு. அந்த ரொட்டி எதுல சுட்டதுன்னு அவருக்குத் தெரியாது.

பத்து மணி இருக்கும். மேல் மலைக்குப் போற ஏத்தத்துல துரை வண்டிய நிப்பாட்டச் சொல்லி எறங்கி நடந்திருக்காரு. இவரு கியரப் போட்டு, ஹேண்ட் பிரேக்கப் பன்னெண்டு கடக்கும் இழுத்து, கட்டை இல்லாததுனால ஒரு கல்லத் தூக்கி டயருக்கு வச்சிருக்காரு. பாஸ் சொன்ன மாதிரியே கல்லு செம்மண்ணுல வழுக்கிருச்சு. பழைய வண்டி, கியரும் நழுவிருச்சு. ஜீப்பு பின்னால போறதப் பாத்துட்டு, ஏறி கால் பிரேக்க மிதிக்கலாம்னு ஓடிக் கதவத் தொறந்திருக்காரு. சறுக்கி விழுந்துட்டாரு. முன் டயரு அவரு காலு மேல ஏறி, ஜீப்பு ரோட்டோரக் கானுல எறங்கி நின்னுச்சு.

நான் வேற மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேன். கங்காணி வந்து சொன்னாரு. கூடைய எறக்கி வச்சேன், தலைக்கயித்தச் சுத்தி அதுக்குள்ள போட்டேன், சேலையில ஒட்டிக் கெடந்த கொழுந்தத் தட்டி விட்டேன். ஒருத்தி, “ஓடுக்கா, ஏன் நிக்கிற?”ன்னு கத்துனா. எனக்கு அழுகை வரல. பதுளை ஆஸ்பத்திரியில வலது கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஒரு மாசம் பதுளையில சொந்தக்காரங்க வீட்டுல தங்கி, காலையும் மாலையும் போய்ப் பாத்தேன். சோறு ஊட்டுனேன், மூஞ்சி தொடச்சி விட்டேன். தெனம் சொல்லிரணும்னுதான் போவேன். ‘நான்தாங்க எரிச்சேன்’ங்கிறது ரெண்டே வார்த்தை. வாயி வரல.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு ஆபீஸ்ல விசாரணை. துரை, இன்னும் ரெண்டு பெரியவங்க. நான் வெளிய கதவுக்கிட்ட நின்னேன்.

“கட்டை வைக்கிறதுதானே ஒங்க வழக்கம்? அன்னிக்கு ஏன் வைக்கல?”

இவரு, “மறந்துட்டேங்க”ன்னாரு.

பிழை அவரு மேலன்னு எழுதிக்கிட்டாங்க. டிரைவர் வேலை போச்சு, ஸ்டோர் வாசல்ல ஒக்காந்து காவல் பாக்குற வேலை குடுத்தாங்க. கொழும்புலேருந்து சாமான் அதுக்கப்பறம்தான் வந்துச்சு. புது டிரைவர் எங்க லயத்துக்கு முன்னாலயே ஜீப்ப நிப்பாட்டிக் காட்டுனாரு, நாலு கடக்குல நின்னுச்சு. எங்க வீட்டுக்காரரு வாசல் இஸ்தோப்புல ஒக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தாரு. நான் உள்ள போயிட்டேன்.

அதுக்கப்பறம் நாங்க சண்டை போட்டதே இல்ல. எல்லாரும் எங்களப் பாத்து நல்ல குடும்பம்னாங்க. சண்டை போடவும் மனசுல ஏதாவது ஓடணும்ல? நான் மலைக்குப் போனேன், வந்தேன், சமைச்சேன். கேட்டா நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னேன்.

ஒம்பது வருஷம் கழிச்சு, லயத்த விட்டு தனி வீட்டுக்கு வந்தோம். நல்ல வீடுதான், ஆனா எங்க பக்கத்துக் காத்து சும்மா விடுமா, கதவு போட்டு அடிச்சிக்கிட்டே இருக்கும். ஒரு மத்தியானம் சோத்த வடிச்சிட்டுத் திரும்புறேன், கதவு அசையாம நிக்குது. அடியில ஒரு சின்ன முக்கோணக் கட்டை. இவரு ஸ்டோர்ல ஒக்காந்து செதுக்கிக் கொண்டாந்திருக்காரு. அதுல ஒரு இரும்பு வளையம், நெருப்புல வெந்து கறுத்துப் போனது. என் தகரப் பொட்டியோட வளையம்.

கையில அகப்பை இருந்துச்சு. அத எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னேன்.

“இது எங்க கெடந்துச்சு?”

“சாம்பல் டின்னுல. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மறுநாளு. நீ பெரட்டுக்குப் போன பொறகு சட்டி கழுவுனேன்.”

மறுநாளு. அப்படின்னா விசாரணைக்கு முந்தி.

“அப்பவே ஏங்க கேக்கல?”

கால நீட்டி, முட்டிக்குக் கீழ கட்டக் கால் மாட்டியிருந்த எடத்தத் தேச்சிக்கிட்டே சொன்னாரு. “நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்.”

“ஒம்பது வருஷமாவா?”

“ஆமா.”

கோவமாச் சொல்லல. ஏசியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

“நான்தாங்க எரிச்சேன்”னேன். “வெறகு இல்ல. தெரிஞ்சுதான் வச்சேன். ஜீப்புல தேடுங்கன்னு பொய் சொன்னேன்.”

அவ்வளவுதான். ஒம்பது வருஷமா சொல்லாம வச்சிருந்தது, சொல்லி முடிக்க ஒரு நிமிஷங்கூட ஆகல.

அவரு வாசலயே பாத்துக்கிட்டு இருந்தாரு. “சரி, சோத்தப் போடு”ன்னாரு.

போட்டேன்.