தலை நுழையாத ஸ்வெட்டர்

"மெஷின் லைன்ல தொங்குற துணி எதுவும் கூடாதும்மா, மாட்டிக்கும். சால்வையக் கழட்டு" என்றார் எங்கள் ஒரகடம் தொழிற்சாலை சூப்பர்வைசர். ஏசிக் குளிருக்காக நானே கம்பளி நூலில் பின்னிய சால்வை அது. ஓரமெல்லாம் பட்டன். அதில் விரல் பட்டதும் மணிமங்கலத்து வீட்டில் அம்மா பின்னிய முதல் ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது.

பக்கத்து வீட்டு டீச்சரிடம் கற்றுக்கொண்டு மழைக்காலம் முழுக்கப் பின்னினாள். மாட்டினால் என் தலை நுழையவில்லை. புதுக் கம்பளி வாசத்தில் உள்ளேயே மூச்சுமுட்டி நின்றேன்.

"இன்னாக்கா, தலகாணி உறையா இது?" என்று சித்தி சிரித்தாள்.

"சிரிடி, சிரி" என்றபடி அம்மா தோளிலும் ஒரு பக்கத்திலும் தையலைப் பிரித்து அகல விரித்தாள். அப்பாவின் பழைய சட்டை பட்டன்களை ஓரமெல்லாம் தைத்தாள். பின்னலின் இடைவெளிகளே பட்டன் நுழையும் காஜா ஆயின. அதற்கப்புறம் பட்டனை மாற்றி மாற்றிப் போட, அது எனக்குச் சட்டை, மழையில் முக்காடு, தூங்கும்போது தம்பிக்குப் போர்வை. அடுத்த மழைக்குச் சித்தியே ஒன்று கேட்டாள்.

நான் சால்வையைக் கழட்டவில்லை. முனைகளை முதுகுப் பக்கம் கொண்டுபோய்ப் பட்டன் போட்டேன். பனியன் மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். தொங்குவதற்கு ஒரு முனைகூட இல்லை.

"சரி, போம்மா" என்றவர், குளிருக்குத் தன் கைகளை அக்குளில் செருகிக்கொண்டார்.